சத்தத்தைக் குறைத்துக் கேட்ட பாட்டு

எங்கள் பெரியப்பா தமிழாசிரியர். சினிமாப் பாட்டு என்றாலே முகம் சுளிப்பார். வகுப்பில் எவனாவது ஒரு மெட்டை முணுமுணுத்துவிட்டால் அன்றைக்கு அவனுக்குப் பிரம்படி நிச்சயம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, பின்கட்டில் கிணற்றடித் திண்ணையில் உட்கார்ந்து டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டி வைத்துக்கொள்வார். இலங்கை வானொலி. எல்.ஆர். ஈஸ்வரி பாடிய கிளப் டான்ஸ் பாட்டு ஏதாவது வந்தால் அவருடைய கால் பெருவிரல் மட்டும் தனியாகத் தாளம் போடும். வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டுவிட்டால், "ஆரோ வந்திருக்காவ" என்று பெரியம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பதற்குள் அவர் கை திருகைத் திருப்பியிருக்கும். பாட்டு நிற்காது. சத்தம் மட்டும் அடங்கும்.

ஆடி பிறந்தால் அதே எல்.ஆர். ஈஸ்வரி தெருமுனை அம்மன் கோவில் குழாய் ஸ்பீக்கரில் விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிடுவார். அம்மன் பாட்டு. ஊரே கேட்கும். பெரியப்பா விபூதி பூசிக்கொண்டு, கண்ணை மூடி, உரக்கவே கூடச் சேர்ந்து பாடுவார். அதே தொண்டைதான், அதே கரகரப்பும் கொஞ்சலும்தான். ஒன்றுக்கு வெட்கம், இன்னொன்றுக்குப் பக்தி. பத்து வயதில் எனக்கு இது புரியவில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பிடித்திருக்கிறது, ஆனால் பிடித்திருக்கிறது என்று வெளியில் சொல்ல முடியவில்லை. படம், பாட்டு, சீரியல் எதிலும் இப்படி ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்குக் 'கில்டி பிளெஷர்', அதாவது குற்ற உணர்வோடு கூடிய இன்பம் என்று பெயர். நம் இளைஞர்களும் அப்படியே சொல்கிறார்கள். தமிழில் இதற்குத் தனிச்சொல் இல்லை. நாம் சொல்வதெல்லாம் "சொன்னா சிரிப்பாங்க" என்பதுதான். யோசித்துப் பார்த்தால் நம் ஆட்கள் சொல்வதே சரி. குற்ற உணர்வு மனசாட்சிக்கு முன்னால் வருவது. வெட்கம் நாலு பேருக்கு முன்னால் வருவது. பெரியப்பா யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. கிணற்றடியில் தனியாக இருந்தவரை அவருக்கு எந்த உறுத்தலும் இல்லை. செருப்புச் சத்தம் கேட்டபோதுதான் வந்தது. அது வெட்கம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் நாம் கூச வேண்டாததற்குக் கூசி, கூச வேண்டியதை வாய்விட்டுச் சிரித்து ரசிக்கிறோம் என்பது என் எண்ணம்.

இது சினிமா கொண்டுவந்த வியாதி அல்ல. சேக்கிழார் வரலாற்றில் ஒரு செய்தி சொல்வார்கள். சோழ மன்னன் அநபாயன், திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியை மெய்மறந்து கேட்டுக்கொண்டிருந்தானாம். எட்டுப் பெண்களை மணக்கும் சீவகனின் கதை. 'மணநூல்' என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. சைவனான அரசன் சமணக் காவியத்தில், அதுவும் சிருங்காரத்தில் திளைப்பதைக் கண்டு அமைச்சர் சேக்கிழார் மனம் வருந்தி, இது இம்மைக்கும் மறுமைக்கும் உதவாது என்று இடித்துரைத்து, அடியார்கள் கதையை எடுத்துச் சொன்னாராம். அதிலிருந்து பெரியபுராணம் பிறந்தது என்பது மரபு. வரலாறோ கதையோ, அரசனுக்கே தான் ரசித்த நூலுக்காகத் தலைகுனிய நேர்ந்தது என்று நம் முன்னோர் நினைத்தார்கள். அந்தச் சிந்தாமணியை உ.வே. சாமிநாதையர் 1887-இல் ஏடு தேடிப் பதிப்பித்தார். இன்றைக்கு அதை வாசிப்பதற்கு யார் வெட்கப்படுகிறார்கள்? வாசித்திருக்கிறேன் என்று சொல்வதே பெருமை.

பெரியப்பா ஏன் இலங்கை வானொலி கேட்டார் என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. பி.வி. கேஸ்கர் 1952-இல் மத்திய ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். சாஸ்திரீய சங்கீதத்தில் தேர்ந்தவர். சினிமாப் பாட்டு ஜனங்களின் காதைக் கெடுக்கிறது என்று உண்மையாகவே நம்பினார். அவர் வந்ததும் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு சுருங்கி, பிறகு நின்றே போனது. கேட்கிறவர்கள் திருந்தவில்லை. முள்ளைத் திருப்பி ரேடியோ சிலோன் பக்கம் போனார்கள். தமிழில் மயில்வாகனன், பின்னாளில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்கள் இங்குள்ள வீடுகளில் உறவுக்காரர் மாதிரி ஆனார்கள். கடைசியில் 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித் பாரதி என்ற தனிச் சேவையைத் தொடங்கி அரசே சினிமாப் பாட்டு போட வேண்டி வந்தது. ஐந்து வருடம் ஒரு தேசமே தன் ரசனையை அண்டை நாட்டில் போய் ஒளித்து வைத்திருந்தது என்றுதான் இதைச் சொல்லத் தோன்றுகிறது. தடை நீங்கிய பிறகும் வெட்கம் போகவில்லை. எழுபதுகளின் கடைசியில் எங்கள் பெரியப்பாவின் கை திருகைத் திருப்பியதே, அதில் கேஸ்கரும் கொஞ்சம் இருந்தார்.

சினிமாவிலும் இதே பஞ்சாயத்துதான். பேசும் படம் வந்த காலத்தில் தமிழ் உயர்குடியினர் அதை எப்படி எதிர்கொண்டார்கள் என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1996-இல் ஒரு கட்டுரை எழுதினார். நாடகக் கொட்டகையின் 'தாழ்ந்த' கலை திரைக்கு ஏறியதும், தங்கள் உயர்ந்த ரசனைக்கும் ஜனங்களின் ரசனைக்கும் நடுவில் வேலி போடும் அவசரம் அவர்களுக்கு வந்தது என்பது அவர் வாதம். அந்த வேலி நம் பேச்சில் இன்றும் இருக்கிறது. 'தரை டிக்கெட் ரசனை' என்ற வசவைக் கவனியுங்கள். டூரிங் கொட்டகையில் மணலில் உட்கார்ந்து பார்த்தவன் கொடுத்த காசு குறைவு. அதனால் அவன் ரசனையும் குறைவு. படத் தொழிலில் ஊர்களை ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று பிரித்தார்கள். விநியோகஸ்தருக்கு அது வசூல் கணக்கு. பத்திரிகையில் விமர்சனம் எழுதியவர்கள் அதை ரசிகனின் தரக் கணக்காக எடுத்துக்கொண்டார்கள். 'இது சி சென்டர் படம்' என்றால் பேச்சு முடிந்தது.

1989-இல் வந்த 'கரகாட்டக்காரன்' அப்படிப்பட்ட படம் என்று நகரத்தில் சொன்னார்கள். கங்கை அமரன் இயக்கம், ராமராஜன், கனகா, இளையராஜா. மதுரையில் ஓராண்டைத் தாண்டி ஓடியது. நான் அப்போது கல்லூரி விடுதியில் இருந்தேன். எங்கள் அறையில் வெளிநாட்டுப் படங்களைப் பற்றிப் பேசுவோம். ராமராஜனின் சட்டை நிறத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அந்தப் படத்தை நான் மூன்று முறை பார்த்திருந்தேன். கேட்டவர்களிடம் ஒரு முறை என்றும், "காமெடிக்காகப் போனேன்" என்றும் சொன்னேன். கவுண்டமணி, செந்திலின் வாழைப்பழக் காட்சி அதற்கு நல்ல சாக்கு. உண்மையில் நான் போனது கரகக்காரர்களுக்காக. தலையில் குடம், காலில் சலங்கை, இரவெல்லாம் ஆட்டம், விடிந்தால் வயிற்றுப்பாடு என்று எங்கள் ஊர்க் கோவில் கொடையில் நான் பார்த்த மனிதர்கள் அந்தத் திரையில் கதாநாயகனும் நாயகியுமாக நின்றார்கள். இதை விடுதி அறையில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சொன்னால் நான் எந்த ஊர், என் வீட்டார் யார் என்பதெல்லாம் வெளியே வரும் என்று பயந்தேன். நான் மறைத்தது படத்தை அல்ல, ஊரை.

சாக்குகளை மட்டும் தொகுத்தாலே ஒரு புத்தகம் வரும். "காமெடிக்காக." "அம்மா பாக்கும்போது சும்மா உக்காந்திருந்தேன்." "புள்ளைங்க வச்சிருந்தாங்க." "எவ்வளவு மோசமா எடுக்கறாங்கன்னு பாக்கத்தான்." இந்தக் கடைசிச் சாக்கை மெக்காய், ஸ்கார்பரோ என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 2014-இல் ஆராய்ந்தார்கள். தாங்களே மோசம் என்று சொல்லும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து பார்க்கிறவர்களிடம் பேசியபோது, சிலர் கேலி செய்வதற்காகப் பார்ப்பதாகச் சொன்னார்கள். சிலர் அதன் மிகையே ஓர் அழகு என்று கொண்டாடினார்கள். மீதிப் பேர் பார்த்துவிட்டு மனதுக்குள் குறுகினார்கள். மூன்று கூட்டமும் பார்த்தது ஒரே மாதிரி நிகழ்ச்சிகளைத்தான். தன்னைத் தனக்கே எப்படி நியாயப்படுத்திக்கொள்வது என்பதில்தான் வேறுபாடு.

சீரியலுக்கு வருவோம். இந்த வெட்கம் அதிகமாகக் குவிந்திருக்கும் இடம் அதுதான். அதற்குக் காரணமும் எளிது. அதைப் பார்ப்பவர்கள் பெண்கள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. 'டல்லாஸ்' என்ற அமெரிக்கத் தொடர் நெதர்லாந்தில் ஓடிய காலத்தில் இயென் ஆங் என்ற ஆய்வாளர், எனக்கு இந்தத் தொடர் பிடிக்கும், ஆனால் மற்றவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள், உங்களுக்கு எப்படி என்று ஒரு பெண்கள் பத்திரிகையில் சின்ன விளம்பரம் கொடுத்தார். 42 கடிதங்கள் வந்தன. அதிலிருந்து 1982-இல் ஒரு புத்தகமே வந்தது. பிடிக்காதவர்கள் தயங்காமல் எழுதினார்கள். அவர்கள் கையில் 'வெகுஜனக் குப்பை' என்ற ஆயத்தக் கருத்து இருந்தது. பிடித்தவர்கள்தான் திணறினார்கள், மன்னிப்புக் கேட்கிற தொனியில் எழுதினார்கள். அவர்களுக்கு உணர்ச்சி இருந்தது, அதற்கு ஆதரவாகப் பேச மொழி இருக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு என் அத்தை ஞாபகம் வந்தார்.

'மெட்டி ஒலி' 2002-இல் சன் டிவியில் தொடங்கி 2005 வரை ஓடியது. திருமுருகன் இயக்கம். தாயில்லாத ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு, ஒவ்வொருத்தி வீட்டிலிருந்தும் வரும் சேதிக்குப் பயந்து வாழும் ஒரு தகப்பனின் கதை. அத்தை சாப்பாட்டுக் கடையை முன்கூட்டியே முடித்துவிட்டு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். கை அரிசியில் கல் பொறுக்கும், கண் திரையை விட்டு அகலாது. மாமா உள்ளே வந்தால், "இதப் போயி பாத்துக்கிட்டு, வேற வேலையில்ல" என்பார். அத்தை பதில் பேசாமல் அரிசியை இன்னும் வேகமாகப் புடைப்பார். பார்ப்பது வேலைக்கு நடுவில்தான் என்று காட்டுவதற்கு அந்த முறம் தேவைப்பட்டது. ஒரு நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமியார் வீட்டில் ஒரு பெண் வாயை மூடி நிற்கும் காட்சி. அத்தை மெதுவாக, "இவ ஒரு நாளாச்சும் திருப்பிக் கேட்டுருவான்னுதான் ராசா பாக்குறேன்" என்றார். நாற்பது வருடம் அந்த வீட்டில் வாய் திறக்காமல் இருந்தவர் அவர். மாமா அதே முன்னறையில் கிரிக்கெட் பார்த்தார், அரசியல் விவாதம் பார்த்தார். அவருக்கு முறம் தேவைப்படவில்லை. 2020 ஊரடங்கில் 'மெட்டி ஒலி' மறு ஒளிபரப்பானபோது, வீட்டில் அடைபட்ட ஆண்கள் பலர் முதல் முறையாக அதை வரிசையாகப் பார்த்து, நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று வியந்தார்கள். பதினைந்து வருடம் முன்பே அத்தைகளுக்குத் தெரிந்த விஷயம் அது.

சீரியலைப் போலவே கேலிக்கு ஆளாகும் அம்மன் படங்களைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். 1971-இல் வந்த 'ஆதிபராசக்தி'யை எங்கள் ஊர்க் கொட்டகையில் பல வருடம் கழித்துத் திரும்பப் போட்டபோது பெண்களுக்குச் சாமி வந்தது. கொட்டகைக்காரர் தட்டில் விபூதியோடு தயாராக நின்றார். அந்த அனுபவத்தைக் 'கிராபிக்ஸ் மோசம்' என்ற அளவுகோலால் அளக்க முடியாது.

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து ஆய்வாளர்கள் இருவர் 2016-இல், குப்பைப் படங்களை விரும்பிப் பார்ப்பவர்கள் யார் என்று ஆராய்ந்து சொன்னார்கள். படிக்காதவர்கள் என்று நினைப்போம். அப்படி இல்லை. சராசரிக்கு மேல் படித்தவர்கள், உயர்ந்த கலையையும் ரசிப்பவர்கள், எல்லை தாண்டி எதையும் சுவைக்கிறவர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு இதில் வேறொன்று உறுத்துகிறது. பேராசிரியர் ஒருவர் "நான் டப்பாங்குத்து கேட்பேன்" என்றால் அது அவருடைய பரந்த மனம். அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மா அதையே கேட்டால் அது அவருடைய தராதரம். வாசிப்பிலும் இப்படித்தான். ராஜேஷ்குமாரின் மாத நாவல்களைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்த தலைமுறை நாங்கள். 2008-இல் சென்னைப் பதிப்பகம் ஒன்று அவரையும் மற்ற ஜனரஞ்சக எழுத்தாளர்களையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அழகான அட்டையோடு போட்டதும், அவை ஆங்கிலப் புத்தகக் கடை அலமாரியில் கௌரவமாக ஏறின. கதை மாறவில்லை. வாங்குகிறவர் மாறினார்.

கானாவுக்கும் இதுதான் நடந்தது, ஆனால் அங்கே பாடியவர்களே எழுந்து நின்று பேசினார்கள். வடசென்னையில் சாவு வீட்டில் இரவெல்லாம் பாடப்பட்ட பாட்டு அது. செத்தவனின் நல்லது கெட்டது, கூலி, கடன், காதல் எல்லாம் அதில் வரும். இசையமைப்பாளர் தேவா அதைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தபோது கல்லூரிப் பையன்கள் பஸ்ஸில் தாளம் போட்டுப் பாடினார்கள், வீட்டில் பாட மாட்டார்கள். 2018 ஜனவரியில் இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு சென்னையில் மேடையேறியது. கானாப் பாடகர்கள் கோட்டு சூட்டு அணிந்து, கிதாருக்கும் பறைக்கும் நடுவில் நின்று, சாதியைப் பற்றி முகத்துக்கு நேராகப் பாடினார்கள். பறையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்த தோற்கருவி. மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பறைச் சத்தம் கேட்டுக் கால் துடித்தும் ஆடாமல் நின்ற தலைமுறைகள் மறைத்தது ரசனையை மட்டுமா? அடித்தவரின் சாதிக்கு அஞ்சி நின்ற வெட்கம் அது. இதை நாகரிகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி, உண்மையிலேயே குற்ற உணர்வு வர வேண்டிய இடங்கள்.

சில்க் ஸ்மிதா 1980-இல் 'வண்டிச்சக்கரம்' படத்தில் அறிமுகமானார். சில வருடங்களில் அவர் ஆடிய ஒரு பாட்டு இருந்தால்தான் படம் விலைபோகும் என்ற நிலை வந்தது. இருட்டில் உட்கார்ந்து விசிலடித்தவர்கள் வெளிச்சத்துக்கு வந்ததும் அவரைப் பற்றி என்ன பேசினார்கள் என்று எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும். ரசித்தவன் தன் வெட்கத்தை முழுசாக அவள் தலையில் இறக்கி வைத்துவிட்டுச் சுத்தமாக வீட்டுக்குப் போனான். 'மூன்றாம் பிறை'யில் அவர் நடித்த பாத்திரத்தின் தனிமையைப் பற்றி யாரும் பேசவில்லை. 1996 செப்டம்பர் 23 அன்று அவர் இறந்தார். வயது முப்பத்தைந்துதான். பாட்டை ரசித்தது தப்பில்லை. ரசித்துவிட்டு ஆடியவளை இழிவாகப் பேசியது தப்பு.

நகைச்சுவை என்ற பெயரில் நாம் வயிறு குலுங்கச் சிரித்த காட்சிகளைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். கறுப்பு நிறம், பருத்த உடம்பு, திக்குவாய், வயதான பெண்ணின் ஆசை, இவைதான் சரக்கு. 2015-இல் வந்த 'ஐ' படத்தில் தங்களைச் சித்திரித்த விதத்தைக் கண்டித்துத் திருநங்கையர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். கொட்டகையில் சிரித்தவர்களில் யாரும் அதை வெட்கப்படும் ரசனை என்று ஒளிக்கவில்லை. குடும்பத்தோடு பார்த்த பெரிய படம் அல்லவா அது. விரும்பாத பெண்ணைத் தெருத்தெருவாகத் துரத்தும் நாயகன் பாடுகிற பாட்டை நாம் கல்யாண மண்டபத்தில் போடுகிறோம். குடும்பச் சண்டையில் உடைந்து வந்தவர்களை ஸ்டுடியோவில் உட்காரவைத்து அழவைத்த 'சொல்வதெல்லாம் உண்மை' நிகழ்ச்சியை வீடு வீடாகப் பார்த்தோம். 2018-இல் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அங்கே அழுதவர்கள் நடிகர்கள் அல்ல. அவர்கள் மறுநாள் தங்கள் தெருவுக்குத் திரும்பிப் போக வேண்டும். நானும் அதைப் பார்த்தவன். பிறர் வீட்டு அவலத்தைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்த அந்த ராத்திரிகளை நினைத்தால் இன்றும் தொண்டையில் சிக்குகிறது.

அப்படியானால் எல்லா ரசனையும் ஒன்றுதானா, நல்லது கெட்டது கிடையாதா என்று கேட்பார்கள். கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே முகத்தை மூன்று முறை வெட்டிக் காட்டி, இடி முழக்கம் சேர்த்து ஐந்து நிமிடக் கதையை ஐந்து நாள் இழுக்கிற சீரியல் மோசமான சீரியல்தான். அத்தைக்கே அது தெரியும். "இன்னிக்கு ஒண்ணுமே நடக்கல" என்று அலுத்துக்கொள்வார். மோசம் என்று சொல்ல உரிமையுள்ளவர் அதை முழுசாகப் பார்த்த அவர்தான். பார்க்காமலே முகம் சுளிக்கிறவருக்குச் சீரியல் பிடிக்காமல் போகவில்லை, அதைப் பார்க்கிறவர்களைப் பிடிக்கவில்லை. ஒரு பாட்டையோ படத்தையோ ஒளிக்கத் தோன்றும்போது நான் இப்போது ஒன்றைத்தான் கேட்டுக்கொள்கிறேன். இதனால் யாருக்காவது வலிக்கிறதா? வலித்தால் விட்டுவிடுகிறேன். யாராவது சிரிப்பார்கள் என்பது மட்டுமே காரணமென்றால் சத்தத்தைக் குறைப்பதில்லை. 'கரகாட்டக்காரன்' மூன்று முறை பார்த்ததை முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆன பிறகு இப்போதுதான் எழுதுகிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குள் நீங்கள் நுழையும்போது, டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவோ மனைவியோ ரிமோட்டைத் தேடினால், வேண்டாம், ஓடட்டும் என்று சொல்லிவிட்டு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.